மணல்வெளிக்குப் போன அடைக்கோழி

கோழியோடு ரயில் ஏறுவது எங்கள் ஊரில் ஒரு புதினமே இல்லை. கொடிகாமத்தில் ஏறுகிறவர்களில் பாதிப் பேரின் கூடைக்குள் ஏதாவது ஒன்று கொக்கரித்துக்கொண்டுதான் வரும். ஹனோவர் நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மூடுகூடையோடு நின்றபோதுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. குளிர்கோட்டுக்குக் கீழே சேலை, சேலைக்குக் கீழே சப்பாத்து, கையில் கூடை, கூடைக்குள் கறுப்பி. பார்க்கத்தானே செய்வார்கள்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து இரண்டாம் வருஷம் அது. அகதி விடுதியில் எனக்கும் இவருக்கும் ஓர் அறை தந்திருந்தார்கள். வேலை செய்யச் சட்டம் விடாது. சும்மா இருக்க எனக்கு ஏலாது. விடுதிக்குப் பின்னால், ரயில் பாதையோரம், ஜெர்மன்காரரின் சிறு தோட்டங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின் சொந்தக்காரி முழங்கால் வருத்தக்காரி. தோட்டத்தைக் கொத்திக் கொடுத்தால் மூலையில் கோழி வளர்த்துக்கொள் என்றாள். நான்கு பேடுகள் வளர்த்தேன். சேவல் வைக்கக் கூடாது என்பது தோட்டச் சட்டம். அந்தச் சட்டத்தை மதிக்காத ஒரு சேவல் இரண்டு தோட்டம் தள்ளி இருந்தது. எப்போதாவது வேலி பாயும்.

அந்தக் கோழிகளால் பழக்கமானவர்தான் ரங்கராஜன் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. இந்தியாவில் மிருக வைத்தியம் படித்துவிட்டு, கோழி நோய்களில் மேற்படிப்புப் படிக்க ஹனோவருக்கு வந்தவர். வாரம் ஒருமுறை வந்து என் கோழிகளின் எச்சத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு போவார். எங்கள் ஊரில் கோழிப் பீயை மிதித்தால் காலைக் கழுவுவோம். இவர் அதை வைத்துப் பட்டம் வாங்கப் போகிறார். அதிலும் பெரிய பகிடி, ஆள் சுத்த சைவம். முட்டைகூட வாயில் வைக்கமாட்டார்.

அந்தப் புதன்கிழமை தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அக்கா, கறுப்பி இன்னும் அடையிலதானே இருக்கு?"

"ஓம், இண்டைக்குப் பதினஞ்சாம் நாள். ஏன், அடையில கிடக்கிறவவுக்கும் குழாய் பிடிக்கப் போறியளோ?"

"இல்லக்கா, எமர்ஜென்சி. கறுப்பியக் கொஞ்ச நாளைக்குக் கடன் தரணும்."

விஷயம் இதுதான். ஹனோவருக்கு வடக்கே 'ஹைட' என்று ஒரு பெரிய மணல்வெளி. அந்த மண்ணுக்கே உரிய பிராணிகளுக்காக ஒரு பெரிய பகுதியை ஒதுக்கி, கார்கூட உள்ளே விடாமல் காக்கிறார்கள். அங்கே பிர்க்கோழி என்றொரு காட்டுக்கோழி. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்ததாம். இப்போது மூன்று சேவலும் ஒரு பேடும்தான் மிச்சம். அந்தப் பேட்டையும் முட்டையிட்ட கையோடு பருந்து அடித்துவிட்டது. காவல்காரர் கூட்டிலிருந்த எட்டு முட்டைகளையும் எடுத்துவந்து ஒரு வீட்டுக்கோழிக்கு அடை வைத்திருக்கிறார். அன்று விடியப்புறம் மரநாய் புகுந்து அந்தக் கோழியையும் கொன்றுவிட்டது. முட்டைகள் தப்பிவிட்டன. பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"மெஷின்ல வெச்சாத் தீந்துது எண்டு நினைச்சன்," என்றேன்.

"போன வருஷம் வேற ஒரு எடத்துல அப்படித்தான் வெச்சாங்க. எல்லாம் பொரிச்சுது. ஆனா கூட்டிட்டுப் போய் மேய்க்க அம்மா இல்ல. ஒரு வாரத்துல ஒண்ணுகூட மிஞ்சல. இதுக்கு ஒரு அம்மா வேணும் அக்கா. பெந்தெகொஸ்தே லீவு வேற, புரொஃபசர் ஊர்ல இல்ல. இந்த ஏரியாவுல அடையில இருக்கற, நோய் இல்லாத கோழின்னா நம்ம கறுப்பிதான். டெஸ்ட் எல்லாம் நான்தான் பண்ணியிருக்கேன்."

கறுப்பி உடனே கிடைப்பாள். அவளுக்குக் கீழே வைத்த ஏழு முட்டைகளில் ஒன்றில்தான் உயிர் பிடித்திருந்தது. வேலி பாயும் சேவலின் வேலை அவ்வளவுதான். மற்ற ஆறும் கூழ்முட்டை என்று வெளிச்சத்தில் பார்த்து எடுத்து எறிந்துவிட்டேன். ஆனால் கறுப்பி என் கையைத் தவிர யாரின் கையையும் கொத்துவாள். அடைக்கோழியை நாளுக்கு ஒருதரம் தூக்கி இரை வைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். அதை யார் செய்வது? தம்பியின் இரண்டு விரல்களில் அப்போதே பிளாஸ்டர் இருந்தது.

"அப்ப நானும் வாறன்," என்றேன்.

சொல்வது சுலபம். அகதி மனுச் செய்தவர்கள் பட்டண எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் அந்நியர் அலுவலகத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். வியாழன் காலை போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பென்று ஒன்று இருப்பதாக விடுதியில் ஒருவரும் சொன்னதில்லை. பயணத்தின் காரணம் என்ற இடத்தில் தம்பி எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். "இந்தக் கோழி, வைத்திருப்பவர் இல்லாத இடத்தில் கலவரமடையும்" என்று எழுதியிருந்தது. எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அங்கே இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. திரும்பி வரும்போது அவர் முகம் பழையபடி இறுகிப்போயிருந்தது.

"செவ்வாய் நள்ளிரவு வரை. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லை," என்று முத்திரை குத்தினார்.

"கோழிக்குக் கடுதாசி வேண்டாமா?" என்று தம்பி மூலம் கேட்டேன்.

"கோழி எங்கேயும் போகலாம். உங்களுக்குத்தான் அனுமதி வேண்டும்," என்றார். பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். "போயிட்டு வா. கோழிக்கு எண்டாலும் ஊர் பார்க்கக் குடுத்து வைச்சிருக்கே," என்று சிரித்தார். விடுதியில் ஒரு இளம் பொடியனோடு கிளம்புகிறாளே என்று இரண்டு பேர் வாய்க்குள் மென்றார்கள். மெல்லட்டும். வாய்க்கு வேறு வேலை இல்லை.

வெள்ளி மத்தியானம் கிளம்பினோம். கறுப்பியின் அடை கலையாமல் இருக்க அவளுடைய ஒற்றை முட்டையையும் வைக்கோலில் வைத்து, அதன்மேல் அவளை இருத்தி, கூடையை என் பழைய சேலைத் துண்டால் மூடியிருந்தேன். எங்களுக்கு எதிரே ஒரு ஜெர்மன் கிழவி. அரை மணி நேரம் மரியாதையாக இருந்தாள். கூடை ஒருதரம் உறுமியது. அடைக்கோழியின் உறுமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது கோழிச் சத்தம் மாதிரியே இராது.

"நாய்க்குட்டியா?" என்று கேட்டாள்.

தம்பி விஷயத்தைச் சொல்லச் சொல்லக் கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது. தான் சின்ன வயதில் அந்த மணல்வெளியோரம் இருந்தவளாம். பிர்க்கோழிச் சேவல்கள் ஆடும் சத்தத்தில்தான் விடியுமாம். பையைத் திறந்து வெண்ணெய்க் கேக் தந்தாள். நான் புட்டும் சம்பலும் கொடுத்தேன். புட்டை மெச்சினாள். சம்பலில் ஒரு கரண்டி போட்டுவிட்டு அடுத்த இரண்டு நிலையம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

இறங்கிய நிலையத்தில் பஸ் இல்லை. விடுமுறைக்கு முதல் நாள் என்று கடைசி பஸ் நேரத்தோடேயே போய்விட்டதாம். தம்பி அட்டவணைக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் கோபப்பட்டார். அட்டவணைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் தெருவுக்குப் போய்க் கூடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதாக வந்தது ஓர் உழவு இயந்திரம். நின்றது. அதன் பின்பெட்டியில் உருளைக்கிழங்குச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் கூடையை மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்ததில் என் தோள் இரண்டும் விட்டுப்போயின.

மணல்வெளி தொடங்கும் இடத்தில் காவல்காரர் குதிரை வண்டியோடு காத்திருந்தார். பெயர் ஹெர் புரூன்ஸ். அறுபது வயது இருக்கும், பனைமட்டை போல வறண்ட கை. என்னைப் பார்க்கவில்லை. கூடையைத்தான் பார்த்தார்.

"உயிரோடு இருக்கிறதா?"

"கொத்துது எண்டு சொல்லுங்கோ," என்றேன். தம்பி சொன்னார். மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

வண்டி போகப் போகப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் மணல், அதன்மேல் முழங்கால் உயரத்தில் கபிலநிறப் பற்றை, இடையிடையே காவலாளி மாதிரி ஒரு கரும்பச்சை மரம். ஜெர்மனி என்றால் பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பழைய காலத்துப் பிரயாணிகள் இதைப் பாலைவனம் என்றுதான் எழுதி வைத்தார்கள்," என்றார் புரூன்ஸ், ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி. எங்கள் தென்மராட்சி மணலில் தென்னை நிற்கும், காய் தரும். இந்த மணல் ஒன்றும் தராது. ஆனாலும் அந்த மனிதர் அதைப் பார்த்த பார்வை தோட்டக்காரன் தன் புகையிலையைப் பார்க்கிற பார்வைதான்.

அப்போது வெடித்தது. தூரத்தில், அடுத்தடுத்து மூன்று. எனக்கு அடுத்ததாகத் தெரிந்தது என்னவென்றால், நான் வண்டியின் பலகையில் கூடையை அணைத்துக்கொண்டு குப்புறக் கிடக்கிறேன். புரூன்ஸ் குதிரையை நிறுத்திவிட்டார். நானாக எழும்பும்வரை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"இராணுவப் பயிற்சி. வேலிக்கு அந்தப் பக்கம் டாங்கிகள். நாளைக்கு விடுமுறை, சுடமாட்டார்கள்," என்று பிறகு மெல்லச் சொன்னார்.

கூடையை மடியில் எடுத்து வைத்து, சேலைத் துண்டை விலக்கிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கறுப்பி மட்டும் அசையவில்லை.

வீடு, வைக்கோல் கூரை போட்ட பழைய கல்வீடு. புரூன்ஸின் மனைவி கேர்டா சமையலறையை விட்டு மூன்று நாளாக வெளியே வரவில்லை. அடுப்புப் பக்கத்தில் ஒரு பெட்டி, கம்பளி, சுடுநீர்ப் பைகள், ஒரு வெப்பமானி. கம்பளியை விலக்கிக் காட்டினாள். எட்டு முட்டை, மஞ்சளும் பழுப்புமாக, மேலே மண்ணைத் தெளித்த மாதிரிப் புள்ளி. நான் இளஞ்சூட்டுத் தண்ணீர் கேட்டேன். உயிருள்ள முட்டை தண்ணீரில் ஆடும், செத்தது சும்மா கிடக்கும். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"என் முட்டைகளை யாரும் குளிப்பாட்டக் கூடாது," என்றார் புரூன்ஸ்.

மரநாய் வந்த அன்று முட்டைகள் எத்தனை மணி நேரம் குளிரில் கிடந்தன என்று அவருக்கே தெரியாது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியாது. "இவை பொரிக்காவிட்டால் மூன்று கிழட்டுச் சேவல்தான். அவையும் போனால் நான் காவல் காப்பது வெறும் மணலை," என்றார். கேர்டா அவர் தோளில் கையை வைத்தாள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முந்தாநாள்வரை இந்தக் கோழியின் பெயர்கூடக் கேட்டிராத நான், கறுப்பியிடம் மனதுக்குள் "மானத்தைக் காப்பாத்தடி" என்றேன்.

கொட்டிலில் இருட்டான மூலையில் கூடு தயாராக இருந்தது. நான் ஓர் ஆணியும் ஒரு கரித்துண்டும் கேட்டேன். செத்தல் மிளகாய் என் பையிலேயே இருந்தது. மூன்றையும் வைக்கோலுக்கு அடியில் வைத்தேன். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுப்போகும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது; அந்த டாங்கியைக் கேட்ட பிறகு செய்யாமல் விடுவேனா? தம்பி விஞ்ஞானி, முகத்தைச் சுளிப்பார் என்று பார்த்தேன். அவர் ஆணியை வாங்கித் துருப்பிடித்த பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"எங்க வீட்லயும் வைப்பாங்கக்கா," என்றார்.

புரூன்ஸ் என்னவென்று கேட்டார். தம்பி சொன்னார். "எங்கள் பக்கத்து ஆட்களும் இரும்பு வைப்பார்கள். மிளகாய்தான் புதிது," என்றுவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் தந்தார். கறுப்பி ஒரு தரம் உறுமினாள். பிறகு சொண்டால் ஒவ்வொரு முட்டையையும் தன் வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். புரூன்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போனார். தம்பியும் பின்னால் போனார்.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். எட்டு முட்டையில் யாராவது அடை வைப்பார்களா? அடை என்றால் ஒற்றைப்படை. ஏழு, ஒன்பது, பதினொன்று. இரட்டைப்படையில் வைத்துப் பொரித்ததாக எங்கள் ஊரில் ஒரு கதையும் இல்லை. கூடையில் கறுப்பியின் சொந்த முட்டை சூட்டோடு கிடந்தது. எடுத்து அவளுக்கு அடியில் தள்ளினேன். ஒன்பது. மனம் ஆறியது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல நாள். காலையில் கறுப்பியைத் தூக்கிச் சோளம் வைத்தேன். அவள் தின்றுவிட்டு, மணலில் ஒரு குளிப்புக் குளித்துவிட்டுத் தானே கூட்டுக்கு ஓடினாள். அந்த நேரம் கொட்டிலுக்குள் வேறு யாரையும் நான் விடவில்லை. மத்தியானம் கேர்டா வெள்ளைத் தடி மாதிரி ஒரு மரக்கறி அவித்து வைத்தாள். அந்த மணலில் விளைவதாம், வருஷத்தில் சில வாரந்தான் கிடைக்குமாம். நான் முருங்கைக்காய் தின்பது போல உறிஞ்சி, சக்கையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். மூன்றாவது தடியில்தான் மற்றவர்கள் முழுசாக விழுங்குவதைக் கண்டேன். கேர்டா தானும் ஒரு தடியை உறிஞ்சிப் பார்த்தாள். சைவக்காரத் தம்பிக்கு அன்று கொண்டாட்டம். ஒரு சட்டியை முடித்தார்.

பின்னேரம் செம்மறி பார்க்கப் போனோம். சாம்பல் மயிரும் கறுத்த முகமும் வளைந்த கொம்புமாக முந்நூறு நானூறு நின்றன. அவற்றின் வேலை, மணலில் முளைக்கிற மரக்கன்றுகளைத் தின்பது. தின்னாவிட்டால் காடாகிவிடுமாம், காடானால் இந்த இடத்துப் பூச்சி, பூ, பறவை ஒன்றும் மிஞ்சாதாம். ஆடு விட்டதை ஆட்கள் பிடுங்குகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கன்றை நட்டுவிட்டு ஆடு வராமல் எத்தனை வேலி அடைக்கிறோம்! நானும் இருபது கன்று பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் பாவமன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிறு விடியற்காலை புரூன்ஸ் எங்களை ஒரு பலகைக் குடிலுக்குள் கூட்டிப்போய் இருத்தினார். மூச்சு விடாதே என்று சைகை. பனி விலக, மூன்று சேவல்கள் வந்தன. கறுத்த உடம்பு, கண்ணுக்குமேல் சிவப்புப் பூ, பின்னால் விரித்த வால் யாழ் மாதிரி வளைந்திருந்தது. உடம்பைப் பதித்துக் கொதிக்கிற பானை மாதிரிச் சத்தம் போட்டன. துள்ளின, சீறின, ஒன்றையொன்று துரத்தின. அவ்வளவு ஆட்டமும் பேட்டுக்காக. பேடு ஒன்றுகூட இல்லை. ஆட்டம் முடிந்து மூன்றும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி கண்ணாடியைத் துடைத்தார்.

திங்கள் மத்தியானம் கறுப்பியைத் தூக்கினேன். கூட்டிலிருந்து "கீச்" என்றது. ஐயோ என்று சந்தோஷப்பட்டுக் குனிந்தேன். சத்தம் என் முட்டையிலிருந்து. ஓட்டில் மயிர் போல ஒரு வெடிப்பு.

விரல் விட்டு எண்ணினேன். நாளைக்கு இருபத்தோராம் நாள். என் முட்டை நாளைக்குப் பொரிக்கும். பிர்க்கோழி முட்டைக்குப் புதனோ வியாழனோ. முதல் குஞ்சு காலூன்றியதும் தாய்க்கோழி கூட்டை விட்டு எழும்பி அதைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடும். மிச்ச முட்டை குளிர்ந்து சாகும். கோழி வளர்த்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஒற்றைப்படை பார்க்கத் தெரிந்த எனக்கு நாட்கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்த மனிதரின் எட்டு முட்டையையும் நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

தம்பியிடம் ஓடினேன். சொன்னதும் தலையில் கை வைத்தார்.

"அக்கா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஏன் வெச்சீங்க?"

"எட்டில ஆர் அடை வைப்பினம்? நீங்களே சொல்லுங்கோ, உங்கட வீட்டில எட்டில வைப்பினமோ?"

தம்பி தலையிலிருந்து கையை எடுத்தார். "வைக்க மாட்டாங்க," என்றார்.

இருவரும் சமையலறைக்குப் போனோம். நான் தமிழில் சொன்னேன், தம்பி ஜெர்மனில் சொன்னார். புரூன்ஸின் முகம் வெளுத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார்.

"அதைக் கூட்டில விடேலாது. மெஷினும் இல்லை. நான் செய்த பிழை, நானே அடை கிடக்கிறன்," என்றேன்.

தம்பி மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் காத்திருக்கவில்லை. கொட்டிலுக்குப் போய் என் முட்டையை எடுத்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கேர்டாவுக்கு மொழி தேவைப்படவில்லை. உள்ளே போய்ச் செம்மறி மயிரில் பின்னிய ஒரு தடித்த காலுறையைக் கொண்டுவந்து, முட்டையை அதற்குள் இட்டு, மறுபடி என் நெஞ்சில் வைத்தாள். அன்றைக்கு முழுவதும் நான் அசையவில்லை. சூப்பைக்கூடக் கேர்டாதான் ஊட்டினாள். படுக்கவும் இல்லை, நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தேன். கறுப்பி இருபது நாள் இப்படிக் கிடக்கிறாளே, எவ்வளவு பொறுமை என்று அன்றுதான் விளங்கியது.

செவ்வாய் காலை எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருக்கையில் என் நெஞ்சில் ஏதோ உதைத்தது. "ஐயோ!" என்று எழும்பிவிட்டேன். காலுறையின் வாயால் ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மஞ்சளும் கறுப்புமாக, உலகத்திலேயே அவலட்சணமான குஞ்சு. கேர்டா கை தட்டினாள். புரூன்ஸும் கிட்ட வந்து ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டார். அதைத் தொட்டபடியே கொட்டில் பக்கம் பார்த்தார். அங்கே எட்டும் சத்தமில்லாமல் கிடந்தன.

என் கடுதாசி அன்று நள்ளிரவோடு முடிகிறது. கறுப்பியை விட்டுத்தான் போக வேண்டும். கடைசியாக அவளைத் தூக்கி இரை வைத்தேன். பிறகு கேர்டாவின் கையைப் பிடித்து என் கைக்கு மேல் வைத்து, இரண்டு கையுமாகக் கறுப்பியைத் தூக்கிக் கூட்டில் வைத்தோம். கொத்தினாள், ஒரே ஒரு தரம். "கவனமாப் பாருங்கோ," என்று தமிழிலேயே சொன்னேன். கேர்டா தலையாட்டினாள். நான் குனிந்து கேட்டேன். எட்டு முட்டையிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.

திரும்பும் வழியில் வண்டிச் சில்லு மணலில் புதைந்து ரயிலை விட்டோம். அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். குஞ்சு சேலைக்குள் கத்தியபடியே வந்தது. பயணச்சீட்டு பார்க்க வந்தவர் என் நெஞ்சைப் பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, உங்களுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது," என்றார். காலுறையை வெளியே எடுத்துக் காட்டினேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் இன்னொரு உத்தியோகத்தரைக் கூட்டிவந்து காட்டினார். ஹனோவரில் இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. நிலைய வாசலில் நின்ற இவர் முதலில் கேட்டது, "கறுப்பி எங்கை?"

புதன் போனது. வியாழன் போனது. விடுதியின் ஒற்றைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் படியால் ஓடி இறங்கினேன். எல்லாம் வேறு யாருக்கோ. வெள்ளி, சனி. எனக்குச் சோறு இறங்கவில்லை. "பொரிச்சிருந்தா எழுதியிருப்பினம்," என்று இவர் வாய்தவறிச் சொன்னதற்கு அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை.

செவ்வாய் காலை தம்பி ஒரு தபாலட்டையோடு வந்தார். புரூன்ஸின் கையெழுத்தில் நாலு வரி. ஆறு பொரித்தன. இரண்டு பொரிக்கவில்லை. கறுப்பி ஆறையும் கூட்டிக்கொண்டு பற்றைக்குள் மேய்கிறாள். பருந்து நிழல் பட்டால் செட்டைக்குள் எடுத்துக்கொள்கிறாள். ஆகஸ்டில் அவை பறக்கும், அப்போது இருவரும் வர வேண்டும். கீழே கேர்டாவின் எழுத்தில் ஒரு வரி: ஆணி, கரி, மிளகாய் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

நான் அழுதேன். தம்பியும் இவரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மூன்று பேருமாக அலுவலகத்துக்குப் போனோம். ஆகஸ்டுக்கு இரண்டு கடுதாசி வேண்டுமே, இந்த முறை இவருக்கும். அந்த அம்மா என்னைக் கண்டதும் பேனையை மேசையில் வைத்தார். அன்ட்ராக்கைக் கேட்கவில்லை, வர நேரம் குறித்து டெர்மின் எடுத்தீர்களா என்று கேட்கவில்லை.

"எத்தனை பொரித்தன?" என்றார்.

"ஏழு," என்றேன்.

தம்பி கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ஆறுதானே?" என்று தமிழில் முணுமுணுத்தார்.

"என்ர நெஞ்சில பொரிச்சதை ஆர் எண்ணுறது?" என்றேன். அந்த அம்மா முத்திரையை எடுத்துவிட்டார்.